படத்தில் விழாத முகம்

இதுவும் உலகம்மாள் இல்லை. ஸ்டுடியோக்காரி ரோஸ்லின் கம்ப்யூட்டரில் அடுத்த படத்தைத் திறந்ததும் சீனிராஜுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். ஆனால் அதை வாய்விட்டு எப்படிச் சொல்வது. கட்டிய மனைவியின் படத்தைப் பார்த்துவிட்டு இது என் மனைவி இல்லை என்று ஒரு மனுசன் சொன்னால், துக்கத்தில் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கீழே டீக்கடை வரைக்கும் சேதி போய்விடும். அதனால் தலையை மட்டும் அசைத்தார். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் அசைப்பு. உலகம்மாள் போன நாளிலிருந்து இந்த அசைப்பை வைத்தேதான் ஒப்பேற்றிக்கொண்டு வருகிறார். பந்தலை வாசலைத் தாண்டி நீட்டவா என்றார்கள், அசைத்தார். சாப்பிட்டீங்களா என்றார்கள், அசைத்தார். பூவும் பொட்டுமாப் போய்ச் சேந்தா, குடுத்து வச்சவ என்று கிழவிகள் சொன்னார்கள், அதற்கும் அசைத்தார். அழுதிருங்க மச்சான், மனசுல வச்சுக்கிடாதீங்க என்று மைத்துனன் தோளைப் பிடித்து உலுக்கினான். அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசி போட்டபிறகு தாடையைத் தொட்டால் அடுத்தவன் தாடையைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அது இப்போது உடம்பு முழுக்க இருந்தது. ஸ்டுடியோவின் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதில் ஒரு இறக்கை மட்டும் லேசாகத் தாழ்ந்து வந்து டக் டக்கென்றது. போல்ட் தளர்ந்திருக்கும். சொல்லலாமா என்று நினைத்தார், சொல்லவில்லை.

நாளைக் கழித்துப் பதினாறாம் நாள் விசேஷம். அன்றைக்குத்தான் படத்திறப்பு. சொந்தபந்தமெல்லாம் பந்தலில் உட்கார்ந்திருக்க, துணி போட்டு மூடிய படத்தை யாராவது பெரிய மனுசர் திறந்து வைப்பார், மாலை விழும், கண்ணாடிச் சட்டத்தின் மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், பிறகு படம் சுவருக்கு ஏறிவிடும், அதன் தலைமேல் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு படத்தை இன்றைக்கு அவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பயம் அதில்தான். சுவரில் ஏறிய முகம்தான் கடைசியில் முகமாகிப் போகிறது. தன் அப்பா என்று நினைத்தால் இப்போது கோட்டுப் போட்ட ஓர் ஆள்தான் வருகிறார். அப்பா வாழ்நாளில் கோட்டைக் கண்டதில்லை, இடுப்பில் வேட்டி நிற்காத மனுசர், அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் செத்தபிறகு வரைந்து மாட்டிவிட்ட கோட்டு அது. அந்தக் கோட்டுக்காரர் அப்பாவை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டுத் தான் மட்டும் வந்து நிற்கிறார். உலகம்மாளுக்கும் அது தொடங்கிவிட்டது. அவள் போன அன்றைக்கு அவசரத்துக்கு மைத்துனன் அவளுடைய ஓட்டுக் கார்டு படத்தைக் கொடுத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துவிட்டான். தெருமுனைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, பாவம் யாரோ ஒரு பொம்பளை என்றுதான் முதலில் நினைத்தார். பெயரைப் படித்தபிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து கண்ணை மூடினால் அந்த ஓட்டுக் கார்டு பொம்பளைதான் வருகிறாள். காலையில் எழுந்து கட்டிலில் உட்கார்ந்து உலகம்மாளைக் கொண்டுவரப் பார்ப்பார். தேங்காய் எண்ணெய் வாசனை வரும். வளையல் சத்தம் வரும், முதுகு வரும், பின்னல் வரும், வெடித்த குதிகால் கூட வரும். முகத்துக்கான இடம் மட்டும் காலியாகக் கிடக்கும், கொஞ்ச நேரத்தில் அந்தக் கார்டு பொம்பளை துண்டு போட்டு இடம் பிடித்தவள் மாதிரி வந்து அதில் உட்காருவாள். அவர் கண்ணைத் திறந்துவிடுவார். எதிரே பீரோ. பீரோ கண்ணாடியை அக்கா ஒரு பச்சைத் துண்டால் மூடியிருந்தாள், பதினாறு கழிகிற வரைக்கும் துக்க வீட்டில் கண்ணாடி பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மரத்துப்போன உடம்புக்குள் பயம் மட்டும் உயிரோடு இருந்தது.

"அண்ணாச்சி, இதுவும் பிடிக்கலையா?" என்றாள் ரோஸ்லின். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள், இந்த ஊரில் செத்தவர்களில் பாதிப்பேருக்குக் கடைசியாகப் பவுடர் போட்டுவிட்டது அவள்தான். "முகம் போதும் அண்ணாச்சி, சேலையப் பத்திக் கவலப்படாதீங்க. தலைய மட்டும் எடுத்து நல்ல பட்டுச்சேலையில வச்சிரலாம்" என்று வேறொன்றைத் திறந்தாள். தலையில்லாத பெண்கள் வரிசையாக வந்தார்கள். அரக்குப் பட்டு, பச்சைப் பட்டு, மாம்பழ மஞ்சள், கழுத்தில் நெக்லஸ், மடியில் கோத்த கைகள், கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. எல்லோரும் ஒரே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தோள் ஒரே மட்டமாக இருந்தது. உலகம்மாளுக்குத் தண்ணீர் சுமந்து ஒரு தோள் இறங்கியிருக்கும். எந்தத் தோள்? தெரியவில்லை. இத்தனை வருசம் கூடவே இருந்தவளுக்கு எந்தத் தோள் இறங்கியிருந்தது என்று தெரியவில்லை. "வேண்டாம்மா, அவ உடம்பே இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். ரோஸ்லின் பட்டுச்சேலைகளை மூடினாள். மகள் ஜெயசுதா அனுப்பியிருந்த பேரன் பிறந்தநாள் வீடியோவை ஓட்டினாள். அதில் உலகம்மாள் கேக்குத் தட்டை யாரிடமோ கொடுத்து ஏதோ சொல்லிச் சிரித்தபடி கடந்து போனாள். ஓடும்போது கொஞ்சம் அவள் மாதிரி இருந்தது. நிறுத்தினால் பாதிக் கண், கோணிய வாய். மறுபடி ஓட்டினால் வருகிறாள், நிறுத்தினால் போய்விடுகிறாள். "சிலபேருக்கு முகம் படத்துல விழாது அண்ணாச்சி. நேர்ல பாத்தா அம்சமா இருப்பாங்க. அசையுற முகம்லா. நமக்கு ரெண்டு கண்ணு, காமிராவுக்கு ஒத்தக்கண்ணு. அதுக்கு என்னத்தத் தெரியும்" என்றாள். அவர் தலையை அசைத்தார்.

சிலபேருக்கு இது நேர்மாறு. அவருடைய அத்தான் குருசாமி படத்தில் மந்திரி மாதிரி இருப்பார், நேரில் போனால் உட்காருங்க என்று ஒருத்தர் சொல்ல மாட்டார்கள். உலகம்மாளுக்குக் காமிரா என்றாலே போலீசைக் கண்ட மாதிரிதான். சிரிங்கம்மா என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், கடை ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி முகம் மூடிக்கொள்ளும், மூச்சைப் பிடித்துக்கொண்டு தாடையை இறுக்கி நிற்பாள். கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவளிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். போட்டோல பாக்கதுக்கு நீ நேர்ல நல்லாத்தான் இருக்க. பாராட்டுத்தான். ஆனால் அந்தத் 'தான்' என்ற சொல்லில் ஒரு முள் இருந்தது, அது அவளுக்குத் தைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வீட்டு விசேஷம் எதிலும் படமெடுக்க நிற்கச் சொன்னால் அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விடுவாள். போகிற அன்றைக்கும் அடுப்பில் பால் இருந்தது. பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, அவள் நெஞ்சைப் பிடித்தபடி சுவரோரம் சரிந்து, தீய்ந்த பால் வாசனை அடித்த பிறகுதான் அவர் எழுந்து போனார். இல்லை, அதை நினைக்க வேண்டாம். அதற்கு முந்தி ஓட்டுக் கார்டு வந்த நாள். அதை நினைத்தாலும் முட்டுச்சந்துதான், ஆனாலும் மனசு திரும்பத் திரும்ப அங்கேயேதான் போய் நின்றது. அவள் கார்டைக் கையில் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அவரிடம் நீட்டி, "ஏங்க, நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்கவில்லை, அழுதுகொண்டும் கேட்கவில்லை, உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கார்டுல யாரு நல்லா இருப்பா" என்றார். அவள் சரி என்று கார்டை டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இல்லை உலகம், நீ இப்படி இல்லை, நீ நல்லா இருப்ப என்று சொன்னால் என்ன குடியா முழுகிப் போயிருக்கும். வாயில் வரவில்லை. அவருடைய அப்பாவும் அம்மாவிடம் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, தெருவில் ஒருத்தரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் அவள் படங்களை நம்பியே செத்துப்போயிருப்பாள். அவர் பார்த்த அந்த முகத்தை அவள் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டாள். இப்போது அவருக்கும் அது மறந்துவிட்டது என்றால், அப்படி ஒரு முகம் உலகத்தில் இருந்ததற்கு ஆளே இல்லை. மின்விசிறி டக் டக்கென்றது.

அவர் அந்த முகத்தை நன்றாகப் பார்த்த நாள் ஒன்று இருந்தது. டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம். கல்யாணமாகி வந்த புதிதில் உலகம்மாள் அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே இளையரசனேந்தலுக்கு ஏறினாள், பெண்கள் பக்கம் முன்சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டில் அம்மாவும் அக்காவும் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிற இடத்தில் புதுப்பெண்டாட்டி முகத்தை எங்கே ஏறிட்டுப் பார்ப்பது. இங்கே தலைக்கு மேலே கண்ணாடி இருந்தது, உலகத்திலேயே யாரும் தப்பாக நினைக்காத கண்ணாடி, டிரைவர் பார்க்கத்தானே அது. பார்த்தார். காற்றில் முடி பறந்தது, அவள் ஒதுக்கினாள், வெளியே ஆடுகளைப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்தாள். அன்றைக்கு அவர் ஒரு பள்ளத்தையும் விடவில்லை, எல்லாவற்றிலும் இறக்கினார், கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டு திட்டினார். ராத்திரி சோறு போடும்போது அவள் குனிந்தபடியே, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். "பாத்துத்தான் ஓட்டுதேன்." "எங்க பாத்தீங்க, கண்ணாடியல்லா பாத்தீங்க." "நீ வெளிய பாத்துக்கிட்டுல்லா இருந்த. நான் பாத்தது உனக்கு எப்படித் தெரியும்?" "நீங்க பாத்தத நான் பாத்தேன்லா" என்று குழம்புச் சட்டியோடு உள்ளே போய்விட்டாள். கண்ணாடியில் ஒருத்தர் கண் நமக்குத் தெரிந்தால் நம் கண்ணும் அவர்களுக்குத் தெரியும். வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது, புதுமாப்பிள்ளைக்கு மறந்துபோய்விட்டது. இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. சட்டி ஞாபகம் இருக்கிறது, ஆடுகள் கூட ஞாபகம் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருந்த முகம் மட்டும் அழிந்துபோய், அந்த இடத்தில் ஓட்டுக் கார்டு பொம்பளை ஆடுகளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"இதப் பாருங்க அண்ணாச்சி, இது தேறும்" என்றாள் ரோஸ்லின். மைத்துனன் வீட்டுப் பால்காய்ப்பில் யாரோ அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. பக்கத்தில் யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்லத் திரும்புகிறாள், முகம் லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது, மூக்குத்தி மின்னியது, வாயின் ஒரு ஓரம் மட்டும் சிரிக்கப் புறப்பட்டிருந்தது. இதுவரைக்கும் பார்த்ததில் இதுதான் பக்கத்தில் வந்தது. உலகம்மாளுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி ஒருத்தி இருந்திருந்தால் இப்படி இருந்திருப்பாள். என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எல்லாம் அவளுடையதுதான், கண் அவள் கண்தான், புருவத்தில் சின்ன வயசில் விழுந்த தழும்பு அப்படியே இருக்கிறது, ஆனாலும் ஆள் வேறு. சரி, இதையே போட்டுவிட வேண்டியதுதான், யார் எப்படிப் போனால் என்ன, தங்கச்சியாவது மிஞ்சட்டும் என்று தோன்றியது. தலையை அசைத்தார். இந்த முறை அது ஆமாம்தான். ரோஸ்லின் படத்தைத் தூக்கிக் குத்துவிளக்குப் போட்ட சட்டத்துக்குள் வைத்தாள், உச்சுக்கொட்டினாள். "அக்கா இந்தப் பக்கம் பாக்காங்க, விளக்கு அந்தப் பக்கம் இருக்கு. விளக்குக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்ட மாதிரியில்லா இருக்கு. ஒரு நிமிசம் இருங்க, திருப்பிப் போட்டுப் பாப்போம்" என்று எதையோ அழுத்தினாள். படம் இடம் வலமாகத் திரும்பியது.

உலகம்மாள் வந்துவிட்டாள். சீனிராஜ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி இல்லை, கார்டு பொம்பளை இல்லை, அவளேதான், தழும்பு அது இருக்க வேண்டிய பக்கத்தில், சிரிப்பு புறப்பட வேண்டிய ஓரத்தில், இந்தா இப்போது வாயைத் திறந்து தண்ணி வராத கதையைச் சொல்லப் போகிறாள். உள்ளங்கையில் காபி டம்ளர் சுட்டது. கையைப் பார்த்தார், டம்ளர் இல்லை. ரோஸ்லின் அதற்குள், "ஐய, ஆகாது அண்ணாச்சி" என்றாள். "முந்தான வலது தோளுக்குப் போயிட்டு பாருங்க, மூக்குத்தியும் மாறிட்டு. மூக்குத்தி அக்காவுக்கு வலது பக்கம்லா? இப்படித்தான் ஒருக்கா ஒருத்தருக்குத் திருப்பிப் போட்டு, சட்டைப் பை வலது பக்கம் வந்துட்டு. படத்தத் திறந்ததும் அவரு தம்பி மாலையக் கீழ வச்சுட்டாரு, எங்க அண்ணன் இடது பக்கம்தான் பை வைப்பாரு, இது வேற யாரோன்னுட்டாரு. கருமாதி வீட்டுல ஒரே சண்ட. மாத்திருதேன்." "இரும்மா" என்றார் சீனிராஜ். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்." குரல் அவருக்கே புதிதாக இருந்தது. ரோஸ்லின் அவரை ஒருதரம் பார்த்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காபி டம்ளர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. காலை ஷிப்டுக்குப் போகுமுன் அவர் கட்டிலில் உட்கார்ந்து காபி குடிப்பார், அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை பின்னுவாள். வீடு எழுந்திருக்காத நேரம். ஒருநாளில் அவர்கள் ஒருத்தரையொருத்தர் நன்றாகப் பார்த்துப் பேசியது அப்போது மட்டும்தான், அதுவும் கண்ணாடிக்குள்தான். அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லுவாள், அவர் கண்ணாடியைப் பார்த்துப் பதில் சொல்லுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் அங்கேதான் பேசியது, ஜெயசுதாவுக்கு மாப்பிள்ளை முடிவானதும் அங்கேதான். மற்ற நேரமெல்லாம் அவள் குனிந்திருப்பாள், அடுப்பைப் பார்த்திருப்பாள், நேருக்கு நேர் பார்த்தால் என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அவர் நேரில் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்த முகம் அந்தக் கண்ணாடியில் பார்த்த முகம்தான். படமெல்லாம் ஊரார் பார்த்த முகம், பக்கம் மாறிய முகம். அதுதான் தங்கச்சி தங்கச்சியாகத் தெரிந்திருக்கிறது. அக்கா துண்டைப் போட்டதும் ஆள் காணாமல் போனதும் ஒரே நாளில்தான். இங்கே மனசு ஒரு நிமிசம் நின்றது, பிறகு தானாகவே அடுத்த படிக்கு இறங்கியது. அவள் தலை பின்னும்போது பார்த்துக்கொண்டிருந்தது எந்த முகத்தை? இதே முகத்தைத்தான். அவர் பார்த்ததைத்தான் தினமும் அவளும் பார்த்திருக்கிறாள், அதே கண்ணாடியில், அதே நேரத்தில். அதனால்தான் கார்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, நான் இப்படியா இருக்கேன் என்று கேட்டாள், தான் எப்படி இருப்போம் என்று தெரிந்தவள்தான் அப்படிக் கேட்பாள். பதில் வேண்டியா கேட்டாள். கண்ணாடியில் அவள் கண் அவருக்குத் தெரிந்தால் அவர் கண் அவளுக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்துதான் இருந்தது. காபி ஆறுகிறது கூடத் தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டிருந்த காலைகளில், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பாமல், வாயின் அந்த ஓரம் மட்டும் புறப்பட்டுச் சிரிக்க, அவள் கண்ணாடிக்குள்ளிருந்து அவரிடம் சொல்லுவாள். ரோட்டப் பாருங்க. தலையெல்லாம் நரைத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஓட்டுவதற்கு வண்டியே இல்லாமல் போனபிறகும் சொல்லுவாள். போன மாதம் கூடச் சொன்னாள். இதை எப்படி மறந்தார். தாடை வலித்தது. மரப்பு இறங்கும்போது முதலில் வலிதான் வரும்.

"நீ நல்லா இருக்க" என்றார் திரையைப் பார்த்து. ரோஸ்லினுக்கு அது அரைகுறையாகக் காதில் விழுந்தது. "எது அண்ணாச்சி, இதுவா? சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்களே" என்றாள். சீனிராஜ் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது வேண்டாம்மா. முந்தி இருந்த மாதிரி நேராவே போட்டிருங்க. முந்தான இடது தோள்லயே இருக்கட்டும்" என்றார். அவள் அழுத்தினாள், உலகம்மாள் போய்த் தங்கச்சி வந்தாள், அவருக்கு இப்போது பதறவில்லை. போன் அடித்தது. ஜெயசுதா. "படம் முடிவாச்சாப்பா?" "ஆச்சும்மா." "ஹால்ல டிவிக்கு மேல ஆணி அடிக்கச் சொல்லட்டா?" "அங்க வேண்டாம். உள்ரூம்ல அடிக்கச் சொல்லு, பீரோவுக்கு எதுத்த சுவத்துல." "உள்ரூம்லயா? வாறவங்க போறவங்க யாருக்கும் தெரியாதேப்பா." "எனக்குத் தெரிஞ்சாப் போதும்." "அது உங்க கட்டிலுக்குப் பின்னாலல்லா வருது. திரும்பித் திரும்பியா பாப்பீங்க?" என்றாள் மகள்.

"திரும்ப வேண்டாம்" என்றார் சீனிராஜ். "பதினாறு முடிஞ்சதும் பீரோ கண்ணாடியில கிடக்க துண்ட எடுத்துரு."